புயல் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சார், புயல் நாகை அருகே கரையைக் கடக்கும் என்கிறார்கள். நாங்கள் அதற்குக் கொஞ்சம் வடக்கே, மாமா வீடு தெற்கே. யாருக்கு அதிக ஆபத்து?

உங்களுக்குத்தான். நம் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து வரும் புயலின் வடபுறத்தில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசி, தண்ணீரை ஊருக்குள் தள்ளும். தென்புறத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போவதால் அங்கே கடல் உள்வாங்கவும் செய்யலாம். உடனே அதைப் படம் பிடித்து 'சுனாமி' என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடுவார்கள், நம்பாதீர்கள்.

கேள்வி: காற்று சட்டென்று நின்றுவிட்டால் வெளியே போய்ப் பார்க்கலாமா?

வேண்டாம். அது புயலின் கண்ணாக, அதாவது காற்று அடங்கிய நடுப்பகுதியாக இருக்கலாம். கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். முதல் சுற்றில் ஆட்டம் கண்ட மரமும் கூரை ஓடும் அப்போதுதான் விழும்.

கேள்வி: மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா பக்கம். சென்னை ஏன் மூழ்கியது?

2023 டிசம்பரில் அது சென்னையை ஒட்டிய கடலில் மெல்ல ஊர்ந்தபடி மழையைக் கொட்டிக்கொண்டே போனது. கரையைக் கடக்கும் இடத்தை மட்டும் பார்த்து நிம்மதியடைவது நம் பழைய தப்பு. மழைக்கான சிவப்பு எச்சரிக்கை வந்தால், ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று பொருள். உங்கள் தெரு வடிகால் அதைத் தாங்குமா என்று மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: பெயர் வைப்பது யார்?

வட இந்தியப் பெருங்கடல் பகுதியின் 13 நாடுகள் தந்த பட்டியலிலிருந்து முறைப்படி எடுப்பார்கள். மிக்ஜாம் மியான்மர் தந்தது.

கேள்வி: வங்காளக் கரையில் மட்டும் ஏன் அவ்வளவு சாவு?

வங்கக் கடலின் வடமுனை புனல் மாதிரி குறுகும், ஆழமும் குறைவு. தள்ளப்பட்ட தண்ணீருக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. எதிரே இருப்பதோ தாழ்ந்த டெல்டா. 1970 போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் விதி என்று விட்டுவிட முடியாது. ஒடிசாவில் 1999 பெரும்புயல் சுமார் 10,000 பேரைக் கொன்றது. 2013-ல் பைலின் அதே மாநிலத்தைத் தாக்கியபோது சாவு ஐம்பதைத் தாண்டவில்லை. ஒடிசா, ஆந்திரக் கரைகளிலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் பேரை முன்பே அப்புறப்படுத்தியிருந்தார்கள்.

கேள்வி: கடல் சூடானால் புயல்கள் பெருகுமா?

எண்ணிக்கை கூடியே தீரும் என்று சொல்ல முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், ஆகவே மழை கனக்கும். கடல்மட்டம் உயர உயர, புயல் தள்ளிவரும் தண்ணீரான புயலலையும் அந்த உயரத்திலிருந்தே கிளம்பும்.

கேள்வி: கன்னியாகுமரிப் பக்கம் எங்கள் ஊர். மழையும் இல்லை, காற்றும் இல்லை, ஆனாலும் கடல் தெருவுக்கு வந்துவிட்டது. எப்படி?

அதுதான் கள்ளக்கடல். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்களால் பிறக்கும் நீள அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து சில நாள் கழித்து நம் கரைக்கு வரும். வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஐதராபாத்திலுள்ள தேசியக் கடல்சார் தகவல் மையத்தின் எச்சரிக்கையைத்தான் பார்க்க வேண்டும். அறிவிப்பு வந்தால் படகுகளை ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். பிள்ளைகளைக் கடலில் கால் நனைக்கவும் விடாதீர்கள்.