வயித்துல கோடு, தொடையில கோடு: உங்க கேள்விகளுக்கு பதில்

இந்த தடவை எனக்கு வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஸ்ட்ரெட்ச் மார்க், அதாவது தோல் இழுபட்டு விழுற கோடு பத்தின கேள்விதான். அதனால மத்ததை ஒதுக்கி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: ஆறாவது மாசம் நடக்குது, முதல் குழந்தை. வயித்தை சொறிஞ்சா கோடு விழும்னு மாமியார் திட்டுறாங்க. தினமும் ஆலிவ் ஆயில் தடவினா வராம இருக்குமா?

பதில்: சொறியறதால கோடு விழாதும்மா. தோல் வேகமா இழுபடும்போது மேல்தோலுக்கு அடியில தோலை உறுதியா வெச்சிருக்குற கொலாஜன், எலாஸ்டின்ங்குற நார் எல்லாம் பிஞ்சு போகுது, கர்ப்பத்துல ஹார்மோனும் சேர்ந்து அதை தளர்த்திவிடுது, அந்த கிழிசல் ஆறின தழும்புதான் கோடு. இழுபடுற இடம் அரிக்கும், அரிக்கிற இடத்துலயேதான் கோடும் வரும், அதைப் பாத்துட்டு பெரியவங்க சொன்னது இது. ஆலிவ் ஆயில், கோகோ பட்டர் ரெண்டையும் முறையா ஆராய்ச்சி பண்ணியாச்சு, தடவினவங்களுக்கும் தடவாதவங்களுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. அரிப்பு அடங்குறதுக்கு வீட்டுல இருக்குற தேங்காய் எண்ணெயே போதும். உங்க அம்மாவுக்கு கோடு விழுந்திருந்தா உங்களுக்கும் விழ வாய்ப்பு அதிகம், கர்ப்பிணிகள்ல பாதிப் பேருக்கு மேல வரத்தான் செய்யுது.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. தோல்ல தடிப்பு எதுவும் இல்லாம உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிச்சா, அதுவும் ராத்திரில ஜாஸ்தியா இருந்தா, உங்க மகப்பேறு டாக்டர்கிட்ட அன்னைக்கே சொல்லுங்க. ஈரல்ல பித்தம் தேங்குறதா இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பாக்கணும், குழந்தையை பாதிக்கிற விஷயம் அது.

கேள்வி: டாக்டர் ஸ்ட்ரெட்ச் மார்க்குக்கு என்ன கிரீம் போடலாம், பேர் மட்டும் சொல்லுங்க.

பதில்: ஆணா பெண்ணா, என்ன வயசு, கோடு எங்க இருக்கு, சிவப்பா வெள்ளையா, எதுவுமே எழுதாம பேர் மட்டும் கேட்டா நான் எப்படி சொல்றது? புதுசா சிவப்பா இருக்குற கோட்டுக்கு ட்ரெட்டினாயின்னு ஒரு கிரீம் ஓரளவு வேலை செய்யும், ஆனா கர்ப்பமா இருந்தாலும் சரி, குழந்தைக்கு ப்ளான் பண்ணிட்டு இருந்தாலும் சரி, அதைத் தொடவே கூடாது. இதுக்குத்தான் விவரம் கேக்குறது.

கேள்வி: பிரசவம் ஆகி 8 வருஷம் ஆச்சு. கோடெல்லாம் வெள்ளையா ஆயிடுச்சு. எந்த கிரீம்ல போகும்?

பதில்: எந்த கிரீம்லயும் போகாது. காசை வீணாக்காதீங்க.

கேள்வி: பையனுக்கு 14 வயசு. முதுகுல குறுக்கால வரிவரியா சிவப்பு கோடு. யாரோ பிரம்பால அடிச்சிருக்காங்கன்னு நினைச்சு ஸ்கூல்ல போய் சண்டை போட்டுட்டேன்.

பதில்: நீங்க மட்டும் இல்ல, இதே சந்தேகத்தோட பல பெத்தவங்க வந்திருக்காங்க. ஒரே வருஷத்துல கிடுகிடுன்னு வளர்ற பசங்களுக்கு இடுப்புக்கு மேல முதுகுல இப்படி படுக்கைக் கோடு வரும். அடிபட்ட தழும்பா இருந்தா வலி, வீக்கம், கன்னிப்போறது இருக்கும், இதுல அது எதுவும் இருக்காது. வைத்தியம் தேவையில்ல, ரெண்டு மூணு வருஷத்துல மங்கிடும். ஆனா கோடு விரல் அகலத்துக்கு ஊதா கலர்ல இருந்து, முகம் உப்பி, உடம்பு பெருத்து, வளர்த்தியும் நின்னு போயிருந்தா ஹார்மோன் கோளாறான்னு பாக்கணும், கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: வயசு 23. தொடை இடுக்குல படர்தாமரை. மெடிக்கல்ல கேட்டு ஒரு கிரீம் வாங்கி 7 மாசமா போடுறேன், போட்டா அடங்குது, விட்டா வருது. இப்ப அந்த இடத்துல ஊதா கலர்ல கோடு கோடா கிழிஞ்ச மாதிரி இருக்கு.

பதில்: தம்பி, உங்க லெட்டரைப் படிச்சதும் வயிறு எரிஞ்சுது, ஏன்னா வாரத்துக்கு ரெண்டு பேராவது இதே கதையோட என் முன்னாடி வந்து உக்காருறாங்க. அந்த ட்யூபை எடுத்து பின்னாடி சின்ன எழுத்தைப் படிங்க. கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், இதுல ஒண்ணு அநேகமா இருக்கும். அது ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் ரெண்டே நாள்ல அமுக்கும், ஆனா படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சை சாகாது, உள்ளுக்குள்ள நல்லா வளர்ந்து பரவும். கூடவே பூஞ்சை மருந்தும் கலந்திருக்கேன்னு கடைல சொல்லுவாங்க, அதெல்லாம் சமாதானம். ஸ்டீராய்டு தோல்ல கொலாஜன் உருவாகுறதையே தடுக்கும். தொடை இடுக்குல தோல் மெலிசு, மடிப்பு வேற, அதனால மருந்து கூடுதலா உள்ள இறங்கும். குண்டாகாம, வளராம தோல் கிழியறது இப்படித்தான்.

இந்த ஸ்டீராய்டு கிரீம்களை 2018லயே டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு ஷெட்யூல் எச்ல கொண்டு வந்தாங்க. சட்டம் பேப்பர்ல இருக்கு, கடையில கேட்டா பத்து இருபது ரூபா வித்தியாசத்துல நாலு ட்யூப் எடுத்து வெக்கிறாங்க. இதையே முகம் வெளுக்கும்னு பொண்ணுங்களுக்கும் குடுக்குறாங்க, அதைப் பாக்கும்போது ஆத்திரமா வருது.

இன்னைக்கே நிறுத்துங்க. நிறுத்தினதும் அரிப்பு ஒரு வாரம் பத்து நாள் கூடும், அதுக்குப் பயந்து திரும்ப அதையே எடுத்துடாதீங்க, அதுக்குள்ள தோல் டாக்டரைப் பாருங்க. மாத்திரையும், ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை மருந்து கிரீமும் சேர்த்து ஒரு மாசத்துக்கு மேல தேவைப்படலாம். இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம், துணி, துண்டு தனியா. கோட்டோட ஊதா நிறம் மெல்ல வெளுக்கும், ஆனா கோடு போகாது, அதை மறைச்சு உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனசில்ல.

கேள்வி: லேசர்ல முழுசா போயிடும்னு விளம்பரம் வருது, நம்பலாமா?

பதில்: முழுசான்னு சொன்னா நம்பாதீங்க. லேசர், மைக்ரோநீடிலிங் (சின்னச் சின்ன ஊசியால தோலைக் குத்துறது) எல்லாம் நாலஞ்சு சிட்டிங் பண்ணினா கோடு கொஞ்சம் மெலிசாகும், அவ்வளவுதான். நம்ம மாதிரி மாநிறம், கருப்பு நிறத் தோல்ல பவரைக் கூட்டி வெச்சா கோடு இருந்த இடத்துல கருப்புத் திட்டு வந்துடும், அது போக மாசக்கணக்கா ஆகும். யார் பண்றாங்க, தோல் டாக்டரா இல்ல பார்லர்ல ஆறு வாரம் கத்துக்கிட்டவங்களான்னு கேளுங்க. முதல்ல ஒரு சின்ன இடத்துல பண்ணிப் பாத்துட்டு ஒரு மாசம் பொறுங்க.

கேள்வி: ஜிம்முக்குப் போறேன், தோள்ல கோடு வருது. உடம்பு இளைச்சா போயிடுமா?

பதில்: போகாது. வேகமா வெயிட் ஏத்தாதீங்க, புதுக்கோடு வர்றது குறையும். ஜிம்ல யாராவது ஊசி, மாத்திரைன்னு எதையாவது குடுத்திருந்தா அதுவும் ஒரு வகை ஸ்டீராய்டா இருக்கலாம், பேரைப் பாத்து எனக்கு எழுதுங்க.