பல சிடி கொண்ட தொகுப்புக்கு டிஸ்க் எண்ணும் டிராக் எண்ணும் தானாகப் போடுவது எப்படி?

உங்களிடம் ஐந்து சிடி கொண்ட ஒரு தொகுப்பு இருக்கிறது. கணினியில் ஏற்றியபின் எல்லாம் கலந்து ஒலிக்கிறது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து எண் போடாமல் ஒரே மூச்சில் முடிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. இதே வேலையை அம்மாவுக்காகச் செய்தவன் என்பதால் அந்த அனுபவத்தை வைத்தே சொல்கிறேன்.

அம்மாவிடம் சுந்தர காண்ட உபன்யாசம் நான்கு சிடியாக இருந்தது, மொத்தம் 54 டிராக். நான் அதை எம்பி3 ஆக்கி, எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு, பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலை அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டார். "என்னப்பா இது, அனுமார் இப்பதான் மகேந்திர மலையில நிக்கறார், அதுக்குள்ள சீதையைப் பாத்துட்டார், அடுத்தது ராவணன் சபை, அதுக்கப்புறம் மதுவனம்னு வருதே!" எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்கு சிடியிலும் முதல் டிராக்குக்கு எண் 1. டிஸ்க் எண் எதிலும் இல்லை. பிளேயர் நான்கு ஒன்றையும் முதலில் ஒலித்துவிட்டு, அப்புறம் நான்கு இரண்டையும் எடுத்திருக்கிறது. சினிமாப் பாட்டு என்றால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கதை சொல்லும் ஒலிப்பதிவில் வரிசைதான் உயிர்.

சரி, வழிக்கு வருவோம். கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் தலைப்பு, எண் போன்ற விவரங்களுக்கு டேக் என்று பெயர். அவற்றைத் திருத்த விண்டோஸில் நான் பயன்படுத்தும் மென்பொருள் எம்பி3டேக். அதில் தானாக எண் போடும் வசதி இருக்கிறது. கண்ட்ரோலும் கே-யும் சேர்த்து அழுத்தினால் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். ஆனால் அதைத் திறக்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: அந்த மென்பொருளுக்குப் பாட்டு தெரியாது, கதை தெரியாது. திரையில் கோப்புகள் மேலிருந்து கீழாக எந்த வரிசையில் தெரிகின்றனவோ, அதே வரிசையில் 1, 2, 3 என்று எழுதிக்கொண்டே போகும். திரையில் வரிசை தப்பாக இருந்தால் எண்ணும் தப்பாகத்தான் விழும். ஆகவே பாதிக்கு மேல் வேலை கோப்புறையை ஒழுங்குபடுத்துவதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு சிடிக்கும் தனிக் கோப்புறை போடுங்கள். சிடி 1, சிடி 2 என்று பெயர் இருந்தால் போதும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டீர்கள் என்றால், என்னைப் போல மறுபடி சிடியிலிருந்து எடுப்பதே சுருக்கமான வழி. எந்த 3 எந்த சிடியின் 3 என்று கேட்டுக் கேட்டுப் பிரிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அப்புறம் ஐந்து கோப்புறையையும் உள்ளடக்கிய பெரிய கோப்புறையை எம்பி3டேக்கில் திறந்து, கோப்புறை வாரியாகவும் அதற்குள் கோப்புப் பெயர் வாரியாகவும் பட்டியல் நிற்கிறதா என்று கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெயரில் 01, 02 என்று இல்லாமல் 1, 2, 10 என்று இருந்தால் சில இடங்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். அதைச் சரி செய்துவிட்டு மேலே போங்கள்.

இப்போது எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அந்தப் பெட்டியைத் திறங்கள். அதில் கவனிக்க வேண்டியவை: எண்ணுக்கு முன்னால் சுழியம் சேர்ப்பது, கோப்புறை மாறும்போது டிராக் எண்ணை மறுபடி 1-லிருந்து தொடங்குவது, டிஸ்க் எண்ணையும் எழுதி ஒவ்வொரு கோப்புறைக்கும் அதை ஒன்று கூட்டிக்கொண்டே போவது. மூன்றையும் போட்டுச் சரி என்றால் முடிந்தது. மொத்த டிராக் எண்ணிக்கையும் சேர்த்து எழுதச் சொல்லலாம். அப்போது எம்பி3 கோப்பில் 03/14 என்று சாய்கோட்டோடு இருக்கும். அது தப்பில்லை, எம்பி3 கோப்பின் டேக்கில் எண்ணும் மொத்தமும் ஒரே கட்டத்தில் அப்படித்தான் உட்காரும். முதல் தடவை செய்கிறீர்கள் என்றால் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

டிஸ்க் எண்ணே வேண்டாம், 1 முதல் 54 வரை தொடர்ச்சியாகப் போட்டுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிடி உறையின் பின்பக்கம் அச்சாகியிருக்கும் பட்டியலோடு எண் ஒத்துப்போக வேண்டும். "மூணாவது சிடியில ஏழாவது போடு" என்று அம்மா கேட்டால் உடனே எடுக்க முடிய வேண்டும். தொடர் எண்ணில் அது 33 என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்தே வரும். ஆல்பம் பெயரில் "சிடி 1", "சிடி 2" என்று ஒட்டியிருந்தால் பிளேயர் அதைத் தனித்தனி ஆல்பமாகவே காட்டும். ஆல்பம் பெயரும் ஆல்பம் கலைஞர் பெயரும் எல்லாக் கோப்பிலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கட்டும். பெயரின் கடைசியில் ஒரு வெற்றிடம் கூடுதலாக இருந்தால்கூடப் பிரிந்துவிடலாம்.

கடையில் விற்ற பிரபலமான சிடி என்றால் மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்ற இலவச மென்பொருளையும் பாருங்கள். பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, டிஸ்க் எண், டிராக் எண், தலைப்பு எல்லாவற்றையும் அதுவே நிரப்பும். கோவில் வாசலில் வாங்கிய உபன்யாசம், வீட்டில் பதிவு செய்த கச்சேரி இவற்றையெல்லாம் அங்கே எதிர்பார்க்க முடியாது. அவற்றுக்குக் கையால் செய்வதே வழி.

காரிலோ பழைய பிளேயரிலோ கேட்கப் போகிறீர்கள் என்றால் டேக்கை மட்டும் நம்பாதீர்கள். எம்பி3 கோப்பில் டேக் எழுதும் முறைக்கு ஐடி3 என்று பெயர். 1990-களில் வந்த அதன் முதல் வகையில் டிஸ்க் எண்ணுக்கு இடமே கிடையாது. 1997-இல் அதைத் திருத்தியபோதுதான், குறிப்பு எழுதும் பகுதியின் கடைசியில் ஒரு பைட்டை ஒதுக்கி டிராக் எண்ணுக்கே இடம் கொடுத்தார்கள். டேக்கையே பார்க்காமல் கோப்புப் பெயரை மட்டும் பார்த்து ஒலிக்கும் கருவிகளும் நிறைய. அதனால் டேக் சரியானதும், அதே எம்பி3டேக்கில் டேக்கிலிருந்து கோப்புப் பெயரை உருவாக்கும் வசதியைக் கொண்டு, டிஸ்க் எண், இரண்டு இலக்க டிராக் எண், தலைப்பு என்ற வரிசையில் பெயர் வையுங்கள். முதல் சிடி 101, 102 என்றும் இரண்டாவது 201, 202 என்றும் வரும். ஒரு சிடியில் 99 டிராக்குக்கு மேல் இருக்க முடியாது என்பதால் இரண்டு இலக்கம் எப்போதும் போதும்.

எல்லாம் முடிந்ததும் முழுவதையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு சிடி முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களை மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். என் தொகுப்பில் முதல் சிடியின் கடைசியில் அனுமன் சிம்சுபா மரத்தில் ஏறி இலைகளுக்குள் மறைந்து உட்கார்கிறான். அடுத்து 201 தொடங்கியதும் மரத்தடியில் சீதை. அந்த இணைப்பு சரியாக விழுந்ததைக் கேட்டபிறகுதான் பென் டிரைவை அம்மாவிடம் கொடுத்தேன். உங்களுக்கு ஐந்து சிடி என்பதால் கேட்க வேண்டிய இடம் நான்குதான். பென் டிரைவில் ஏற்றும்போது மட்டும் 101-லிருந்து வரிசையாக ஏற்றுங்கள். சில கார் பிளேயர்கள் பெயரையும் பார்க்காமல், ஏற்றிய வரிசையிலேயே ஒலிக்கும்.