வாசகர் கேள்வி: நர்ஸ் எஜுகேட்டருக்கு என்னதான் வேலை?

கேள்வி: வார்டு இன்சார்ஜாக இருந்த என்னை நர்ஸ் எஜுகேட்டர், அதாவது வார்டு நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுப்பவர், ஆக்கிவிட்டார்கள். ஆள் குறைந்தால் வார்டுக்குப் போகச் சொல்கிறார்கள். ஆய்வுக்கு ஆள் வந்தால் ஃபைல் எழுதச் சொல்கிறார்கள். கூட வேலை பார்த்தவர்களோ, "மேட்ரன் ஆளு" என்று பேச்சைக் குறைத்துவிட்டார்கள். என் வேலைதான் என்ன?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கல்லூரி டியூட்டருக்குப் பாடத்திட்டம் உண்டு, பரீட்சை உண்டு. உங்களுக்கு வார்டுதான் பாடத்திட்டம். யாருக்குக் கீழே வேலை, வாரத்தில் எத்தனை மணி நேரம் பயிற்சிக்கு மட்டும், எந்த நிலையில் டூட்டிக்கு இழுக்கலாம் என்று மூன்றையும் முதலில் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு அடுத்த லீவு சீசன் வரைதான் தாங்கும்.

உடனே வகுப்பு எடுக்க வேண்டாம். சில வாரம் ஹேண்ட் ஓவரிலும் (ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் நேரம்) மருந்து ரவுண்டிலும் கூடவே நின்று கவனியுங்கள். எங்கே கை தடுமாறுகிறதோ அதுதான் உங்கள் பாடம்.

உதாரணத்துக்கு, வயற்காட்டில் இருந்து வரும் பாம்புக்கடி. 20 நிமிட ரத்த உறைவுப் பரிசோதனை எல்லோருக்கும் தெரியும் என்பார்கள். செய்யச் சொல்லிப் பாருங்கள். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் விட்டு, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று கணக்கு. அவசரத்தில் பிளாஸ்டிக் குழாயை எடுப்பார்கள், அல்லது சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாயை. இரண்டிலும் நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கலாம். விஷம் ஏறாதவருக்கும் விஷமுறிவு மருந்து ஏறும். அந்த மருந்தே கடும் அலர்ஜியைக் கிளப்பக்கூடியது. நடுவில் ஆட்டி ஆட்டிப் பார்ப்பது இன்னொரு தொல்லை.

செய்து காட்டுங்கள், ஒவ்வொருவரையும் செய்ய வையுங்கள், ஒரு மாதம் கழித்து நைட் டூட்டியில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். அதன் பிறகு போடுங்கள் பயிற்சி ஃபைலில் கையெழுத்தை. ஆய்வாளர் ஃபைலோடு நிறுத்திக்கொள்ள மாட்டார், நர்ஸிடமே கேட்பார்.

தப்புக்கு விளக்கம் கேட்கும் மெமோ உங்கள் கையால் போய்க்கொண்டிருந்தால் "மேட்ரன் ஆளு" பேச்சு நிற்காது. அந்த வேலையை நர்ஸிங் சூப்பரின்டெண்டன்டிடமே விட்டுவிடுங்கள். நோயாளிக்கு ஆபத்து என்றால் மட்டும் மறைக்க மாட்டேன் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: புது ஸ்டாஃப் இன்சுலின் சிரிஞ்சில் குழம்புகிறார்கள்.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: போர்டில் எழுதினால் புரியாது. சிவப்பு மூடிச் சிரிஞ்ச் மில்லிக்கு 40 யூனிட் இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. இரண்டிலும் 10 என்ற கோடு வரை தண்ணீர் இழுக்கச் சொல்லிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மில்லிக்கு 40 யூனிட் மருந்தை ஆரஞ்சில் அந்த 10 கோடு வரை இழுத்தால் போவது 4 யூனிட்தான், சர்க்கரை இறங்காது. மில்லிக்கு 100 யூனிட் மருந்தைச் சிவப்பில் அதே கோடு வரை இழுத்தால் 25 போய்விடும். நோயாளி நினைவு தப்பும் அளவுக்குச் சர்க்கரை சரியலாம். பாட்டிலையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பிடித்து, எண்ணை வாய்விட்டுப் படித்த பிறகே இழுக்கட்டும்.