கார்த்திகைப்பூ ஏன் வெறும் சிவப்புத் திட்டாக விழுகிறது?

கேள்வி: மாரி தொடங்கியதும் வீட்டுக்குப் பின்னாலுள்ள பனங்கூடலில் கார்த்திகைப்பூ பூக்கிறது. 18-55 லென்ஸ் போட்ட கமராவில் எடுத்தால் இதழ் மடிப்புகள் ஒன்றும் தெரியாமல் சிவப்புத் திட்டாக வருகிறது. பாதிப் படங்கள் ஆடியும் போகின்றன. மிகக் கிட்டத்தில் எடுக்கும் மக்ரோ லென்ஸ் வாங்கத்தான் வேண்டுமா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: வேண்டாம். பழுது ஒளியளவில் இருக்கிறது. வடலியும் பற்றையும் இருண்ட பச்சை. கமரா முழுக் காட்சிக்கும் சராசரி பார்த்து, வெளிச்சம் போதாதென்று படத்தை வெளுப்பாக்கிவிடும். சென்சரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாகப் பதிவாகின்றன. பூவில் சிவப்பு மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடுவதால் இதழின் அலைவிளிம்பும் வரிகளும் அழிந்துபோகின்றன. கமராவின் ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடம்) இதைக் காட்டிக்கொடுக்காது; அதில் பச்சைக்கே நிறை கூட. மூன்று நிறத்தையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வளைகோடு வலது ஓரத்தில் முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரை, அதாவது ஒளியளவுத் திருத்தத்தை, குறையுங்கள். -2/3 இல் தொடங்கலாம். வெயில் நேரே பட்டால் -1க்கும் கீழே போக வேண்டி வரும். ரோ கோப்பாக (சென்சரின் பதிவைக் கமரா பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பு) எடுப்பது மிக முக்கியம். பற்றையின் இருட்டைப் பிறகு தூக்கலாம், வழிந்துபோன சிவப்பு திரும்பாது. ஜேபெக்தான் வழியென்றால் நிறத்தைக் கூட்டும் விவிட் அமைப்பை நிறுத்திவிடுங்கள்.

எந்தப் பூவை எடுக்கிறீர்கள் என்பதும் பெரிய விஷயம். மொட்டு விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். பிறகு நுனியில் சிவப்பேறி அடியில் மஞ்சள் நிற்கும். முதிரும்போது முழுச் சிவப்பு. இரண்டு நிறமும் சேர்ந்து நிற்கும் நடுப்பருவப் பூதான் படத்துக்கு வாய்ப்பானது, சிவப்பு வழிவதும் அதில் குறைவு.

இந்தப் பூ தலைகீழாகத் தொங்கும். ஆறு இதழும் மேல்நோக்கி மடிய, ஆறு மகரந்தத் தாள்களும் கீழே குடைக்கம்பி போல விரியும். மேலேயிருந்து எடுத்தால் இந்த அமைப்பு அத்தனையும் வீண். பூவின் மட்டத்துக்குக் குந்தி, பக்கவாட்டில் எடுங்கள். 55 மி.மீ.க்கு இழுத்து, ஏறக்குறைய ஓரடித் தூரத்தில் நின்று, லென்ஸ் திறப்பை எஃப் 8 இல் வைத்து (எண் கூடினால் தெளிவாக விழும் ஆழமும் கூடும்), கமராவுக்குக் கிட்ட உள்ள மகரந்தப் பையில் குவியுங்கள். எஃப் 5.6 இல் முன் தாள் தெளிந்தால் பின் இதழ் கலங்கும். எஃப் 16க்குப் போனால் பின்னாலுள்ள ஓலையும் முள்ளும் எழும்பி வந்து பூவை விழுங்கும்.

ஆட்டத்துக்கு மருந்து ஷட்டர் வேகம்: 1/250 நொடி, அதற்காக ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 800 அல்லது 1600. காலை 6.30 முதல் 8 மணி வரை பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும். மழை விட்ட மப்பு நேரம் இன்னும் நல்லது. தண்டைக் கயிற்றால் இழுத்துக் கட்டாதீர்கள். இலை நுனிச் சுருள்கள் கிளுவையைப் பற்றியிருப்பதால் கொடி முறிந்துவிடும். காற்று வரும் பக்கம் ஒரு குடையை விரித்துப் பிடித்தால் போதும்.

குந்துமுன் தடியால் பற்றையைத் தட்டுங்கள், புடையன், சுருட்டை ஆகிய நச்சுப் பாம்புகள் இருக்கும் இடங்கள் இவை. செடி முழுவதும், விசேஷமாகக் கிழங்கு, கொல்சிசின் என்ற கடும் நஞ்சு கொண்டது. தொட்டால் கையைக் கழுவுங்கள், கூட வரும் பிள்ளைகளைக் கிண்ட விடாதீர்கள். பூத் தேடி முகமாலைப் பக்கம் போனால், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் ஓரடியும் வைக்காதீர்கள்.

காசு செலவழிக்க விருப்பமென்றால், லென்ஸ் வாயளவுக்கேற்ற வட்டப் போலரைசர் ஒன்று வாங்குங்கள். நனைந்த இலைகளின் வெள்ளை மினுக்கத்தை அது வெட்டும். ஆனால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). பழைய 18-55 லென்ஸ்கள் சிலவற்றில் குவிக்கும்போது முன்பகுதியும் சேர்ந்து சுழலும். அப்படியானால் முதலில் குவித்துவிட்டுப் பிறகு போலரைசரைத் திருப்புங்கள்.