கோயபல்ஸின் டிரம்மர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஸ்விங் என்ற துள்ளலான ஜாஸ் இசை பற்றிய உங்கள் கட்டுரையில் ஃப்ரெடி ப்ரோக்சீப்பர் என்ற ஜெர்மன் டிரம்மரைப் பற்றி ஒரே ஒரு வரி வருகிறது: "வாசிப்பு அபாரம், வாழ்க்கைதான் சிக்கல்." தேடிப்பிடித்துக் கேட்டேன். நானும் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன், அதனால் கேட்கிறேன். நாஜிகளின் பிரச்சார இசைக்குழுவில் அவர் இருந்தார், சரி. ஆனால் பாட்டை எழுதியது அவர் இல்லை, பாடியதும் இல்லை. கூப்பிட்ட இடத்தில் போய் வாசித்தார். மறுத்திருந்தால் போர்முனைக்கு அனுப்பியிருப்பார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டவரிடம் என்ன கணக்குக் கேட்பது? நாங்களும்தான் எந்தக் கட்சி மேடையானாலும் வாசிக்கிறோம்.

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

மற்ற வாசகர்களுக்காக முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். ப்ரோக்சீப்பர் 1912ல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். தந்தை ஜெர்மானியர், தாய் கிரேக்கர். போர் தொடங்கிய காலத்தில் பெர்லினின் முன்னணி ஸ்விங் டிரம்மர்களில் ஒருவர். அவருடைய ஆதர்சம் அமெரிக்க டிரம்மர் ஜீன் குருபா. குருபா பேர் வாங்கியது பென்னி குட்மேன் என்ற யூதரின் இசைக்குழுவில். ஜாஸை வானொலியிலிருந்து 1935லேயே விலக்கிவைத்த ஓர் அரசு, தன் பிரச்சாரத்துக்கு இப்படிப்பட்ட ஒருவரைத்தான் தேடிப் போக வேண்டியிருந்தது.

கோயபல்ஸின் அமைச்சகம் நடத்திய அந்தக் குழுவுக்கு 'சார்லி அண்ட் ஹிஸ் ஆர்கெஸ்ட்ரா' என்று பெயர். நடத்தியவர் சாக்ஸபோன் கலைஞர் லுட்ஸ் டெம்ப்ளின். பாடியவர் கார்ல் ஷ்வேட்லர், அவர்தான் 'சார்லி'. அமெரிக்க ஹிட் பாடல்களை ஆங்கிலத்திலேயே பாடி, பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் சிற்றலையில் அனுப்பினார்கள். 'யூ ஆர் டிரைவிங் மீ கிரேசி' என்ற காதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று அசல் வரிகளோடு ஒழுங்காகப் போகும். அப்புறம் அறிவிப்பு மாதிரி ஒரு பேச்சு, உடனே அடுத்த சுற்றில் சர்ச்சில் புலம்ப ஆரம்பிப்பார், ஜெர்மானியர்கள் தன்னைப் பைத்தியமாக்குகிறார்கள் என்று. வேறு சில பாட்டுகளில் வருவது பச்சையான யூத வெறுப்பு.

இப்போது உங்கள் கேள்வி. 'தாளம்தானே போட்டார்' என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வசை எழுத அமைச்சகத்தில் ஆளுக்கா பஞ்சம்? அவர்களிடம் இல்லாதது ஸ்விங். ராத்திரி வானொலியைத் திருகிக்கொண்டிருக்கும் ஓர் ஆங்கிலேயரின் கை அந்த அலைவரிசையில் நிற்க வேண்டும் என்றால், இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் ஹை-ஹேட் (காலால் மிதித்து மூடும் ஜோடி ஜால்ரா) சரியாக விழ வேண்டும். ராணுவ பேண்டு வாசிப்பவரை உட்கார வைத்திருந்தால் சிரித்துவிட்டுத் திருப்பியிருப்பார்கள். தூண்டிலில் புழுவாக இருந்தது அந்தத் தாளம்தான். ப்ரோக்சீப்பர் எவ்வளவு நன்றாக வாசித்தாரோ அவ்வளவுக்கு அந்தப் பொய் விலைபோனது. இதை எனக்கு முன்னால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள், டிரம்மர் சரியில்லாத கச்சேரியில் கூட்டம் எப்படிக் கலையும் என்று உங்களுக்குத் தெரியாததா?

பயம் என்று நீங்கள் சொன்ன காரணத்துக்கு எடை உண்டு. ஹாம்பர்க்கில் ஸ்விங் பைத்தியமாகத் திரிந்த இளைஞர்களின் தலைவர்களை வதைமுகாமுக்கு அனுப்பச் சொல்லி 1942 ஜனவரியில் நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லரே எழுதினார். டெம்ப்ளினின் குழுவில் வெளிநாட்டுக் கலைஞர்களும் இருந்தார்கள். பெல்ஜியத்திலிருந்தோ ஹாலந்திலிருந்தோ வந்த ஒருவருக்கு அந்த நாற்காலி உயிர்க்காப்பு மாதிரி. ஆனால் ப்ரோக்சீப்பருக்கு அது உயிர்க்காப்பு மட்டும் இல்லை. போர் நடக்கும்போதே அவர் தன் பெயரில் குழு வைத்து பிரன்ஸ்விக் நிறுவனத்துக்கு இசைத்தட்டுகள் போட்டார். பயந்து ஒதுங்கி இருந்தவரின் வாழ்க்கை இல்லை அது, வளர்ந்துகொண்டிருந்தவரின் வாழ்க்கை.

இங்கே இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். கோக்கோ ஷூமன், பெர்லின்காரர், தாய் யூதர். போர்க்காலத்தில் அதே பெர்லினின் கிளப்புகளில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். 1943ல் பிடித்துத் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே கைதிகள் 'கெட்டோ ஸ்விங்கர்ஸ்' என்று ஒரு ஜாஸ் குழு வைத்திருந்தார்கள். அதில் டிரம்ஸ் இடம் காலியாக இருந்தது, ஷூமன் உட்கார்ந்தார். 1944ல் அந்த முகாமை சொர்க்கமாகக் காட்ட நாஜிகள் ஒரு படம் எடுத்தார்கள், இந்தக் குழுவும் அதில் வாசித்தது. கணக்குப்படி பார்த்தால் ஷூமனும் நாஜிப் பிரச்சாரத்துக்கு டிரம்ஸ் வாசித்தவர்தான்! படப்பிடிப்பு முடிந்ததும் இயக்கிய கைதி உட்படப் பெரும்பாலானவர்களை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ஏற்றினார்கள். அங்கேயும் எஸ்.எஸ். ஆட்களுக்காக வாசித்து உயிர் பிழைத்த ஷூமன், 2018 வரை இருந்தார். அவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அவர் வாசித்தது பிணைக்கைதியாக. ப்ரோக்சீப்பரின் வாசிப்புக்குச் சம்பளமும் புகழும் கிடைத்தன. நான் பார்ப்பது இந்த வித்தியாசத்தை.

அதே அளவுகோலில் உங்கள் கட்சி மேடைகளை நீங்களே அளந்துகொள்ளலாம். மறுத்தால் போவது ஒரு நாள் சம்பளம் என்றால், மேடையில் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு காது கொடுத்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள் என்பேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெர்லினில் குண்டுமழை அதிகமானதும் 1943ல் குழு ஷ்டுட்கார்ட்டுக்கு இடம்பெயர்ந்தது. போர் முடிந்ததும் தெற்கு ஜெர்மனியில் அமெரிக்கப் படைவீரர்களின் கிளப்புகளில் ப்ரோக்சீப்பர் வாசித்தார். பிக் பேண்டும் நடத்தினார், சிறு குழுக்களும் நடத்தினார். மியூனிக் வட்டாரத்தில் பல பத்தாண்டுகள் பேரோடு இருந்து 1990ல் இறந்தார். யாரைக் கிண்டல் செய்து ஒலிபரப்பினார்களோ அவர்களுக்கே வாசித்தாரே என்று சிலர் இதைப் பெரிய முரணாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டை விட்டுத் தள்ளியிருந்த பையன்களுக்கு ஊர்ப் பாட்டு வேண்டும், அதை ஒழுங்காக வாசிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கேட்பதானால் அவர் பெயரில் வந்த போர்க்கால இசைத்தட்டுகளை முதலில் கேளுங்கள். அப்புறம் சார்லியின் பதிவு ஒன்றைப் போட்டு, அசல் வரி முடிந்து வசை தொடங்கும் இடத்தில் டிரம்ஸை மட்டும் கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். டிரம்மர் காதுக்கு அங்கே என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.