பென்சிலில் ஒரு நகரசபை

வணக்கம் சார்,

கார்னெலிஸ் ஸ்ப்ரிங்கர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த 19ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியரின் பென்சில் வரைவுகளைத் தேடிப் பார்த்தேன். நகரசபைக் கட்டிடம், கோபுரம் எல்லாம் அளவெடுத்தது போல இருக்கிறது, சரி. ஆனால் அப்போதே கேமரா வந்துவிட்டதே? இதில் கலை எங்கே? ஓரங்களை வேறு அரைகுறையாக விட்டிருக்கிறார்.

ர.

அன்புள்ள ர.,

கேமரா வந்துவிட்டதுதான். 1839ல் டாகேரின் புகைப்பட முறை வெளியானபோது ஸ்ப்ரிங்கருக்கு 22 வயது.

ஆனால் அந்தத் தாள்கள் நாம் பார்ப்பதற்காக வரையப்பட்டவை அல்ல. ஊர் ஊராகப் போய், நின்று, வரைந்து எடுத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பிய பிறகு அதை வைத்துத்தான் எண்ணெய் ஓவியம் தீட்டுவார். தையல்காரர் துணியில் சாக்பீஸால் போடுகிற கோடு மாதிரி. செங்கல்லும் வெள்ளைக்கல்லும் சேருமிடம், படிக்கட்டு போல ஏறி இறங்கும் முகப்பு, அதில் நிழல் எங்கே விழுகிறது, இவை அவருக்கு வேண்டும், அங்கே பென்சில் அழுந்தும். பக்கத்து வீட்டுக் கூரை வேண்டாம், விட்டுவிடுவார். எதை விட்டார் என்று பார்ப்பதில்தான் எனக்கு ருசி.

இதே ஆள் இளம் வயதில் இல்லாத ஊர்களை வரைந்தவர், ஒரு கோபுரம் இங்கிருந்து, ஒரு பாலம் அங்கிருந்து என்று ஒட்டுப்போட்டு. இருக்கிற ஊரை இருக்கிறபடி வரைவது பிற்பாடு வந்ததுதான்.

அப்படி அவர் போன ஊர்களில் ஒன்று என்க்ஹௌசன். 17ஆம் நூற்றாண்டில் ஹெர்ரிங் மீனும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் கொழிக்க வைத்த துறைமுகம், அப்புறம் நொடித்துப்போனது. ஜனம் குறைந்து வீடுகள்கூடப் போயின, ஆனால் 1680களில் ஸ்டீவன் ஃபென்னெகூல் கட்டிய நகரசபையை இடித்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்ட அங்கே யாரிடம் காசு? ஆம்ஸ்டர்டாமில் கதை வேறு. நகரசபையைத் தன் அரண்மனையாக்கிக்கொண்ட அப்போதைய ஹாலந்து மன்னர் லூயி நெப்போலியன், பார்வையை மறைக்கிறது என்று எதிரே டாம் சதுக்கத்தில் இருந்த 16ஆம் நூற்றாண்டு எடைச்சாவடியை 1808ல் இடிக்க வைத்தார். ஹென்ட்ரிக் டெ கெய்சர் கட்டிய வணிகர் மன்றமும் 1830களில் போய்விட்டது. ஸ்ப்ரிங்கர் பிறப்பதற்கு முன்பிருந்தே, அவர் இளைஞனாக இருந்தபோதும், அவர் ஊர் இப்படித்தான் மாறிக்கொண்டிருந்தது.

ஒன்று சொல்லவேண்டும், அவருடைய எண்ணெய் ஓவியங்கள் எனக்குக் கொஞ்சம் திகட்டும். 1852ல் தி ஹேக் நகரை 17ஆம் நூற்றாண்டில் இருந்ததாகவே வரைந்திருக்கிறார், பழைய செல்வாக்கை வண்ணத்தில் திரும்ப வாங்கிக்கொடுப்பது போல. பென்சில் தாளில் அந்த ஏக்கத்துக்கு நேரமில்லை, ஜன்னலை எண்ணவேண்டியிருக்கிறது.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் அவருடைய 1868ஆம் ஆண்டு என்க்ஹௌசன் ஓவியம் இருக்கிறது, இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். அதைப் பார்த்த கண்ணோடு ஒரு பென்சில் தாளுக்குத் திரும்புங்கள். அப்புறமும் கேமரா போதும் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள், சண்டை போடலாம்.