பவழமல்லி கேட்டேன், மரமல்லி வந்துவிட்டதா?

கேள்வி: வாசலில் பவழமல்லி வைக்க ஆசைப்பட்டு இணையத்தில் 350 ரூபாய்க்கு ஒரு கன்று வாங்கினேன். படத்தில் செடி முழுக்கப் பூ. வந்ததோ இரண்டு சாண் கன்று. பக்கத்து வீட்டுக்காரர் இது மரமல்லி என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகி, திருச்சி

பதில்: பூ வரும்வரை காத்திருக்க வேண்டாம், இலையைத் தடவிப் பாருங்கள். பவழமல்லி இலை உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கும். இளந்தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினால் உருளாது. நாலு பட்டையாக நிற்கும். இலைகள் தனித்தனியாக, எதிரெதிரே இருக்கும். சின்னக் கன்றில் இலையோரம் பல் பல்லாக இருந்தாலும் அது பவழமல்லிதான். மரமல்லிக்கு ஒரே காம்பில் சிற்றிலைகள் அடுக்கடுக்காக வரும், தொட்டால் வழவழப்பு.

மரமல்லியைக் குறை சொல்லவில்லை, அதன் வாசனைக்கு நானும் அடிமை. ஆனால் அது 60 அடியைத் தாண்டிப் போகும், காற்றில் கிளை முறியும், வேரிலிருந்து கன்று கிளம்பிக்கொண்டே இருக்கும். வீட்டு வாசலுக்கு ஆகாது. பவழமல்லியை வெட்டிவிட்டு 10 அடிக்குள் வைத்துக்கொள்ளலாம்.

வந்தது மரமல்லிதான் என்றால் பணத்தைக் கேளுங்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று இணைய விற்பனையாளர் மறுக்கக் கூடாது; 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. ரசீது, விளம்பரப் படம், இலையும் தண்டும் தெளிவாகத் தெரியும் உங்கள் படம் மூன்றையும் சேர்த்து எழுத்தில் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அடுத்த முறை நேரில் போய் வாங்குங்கள். உயரத்துக்கும் பூவுக்கும் பணம் கொடுக்காதீர்கள். பையைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். ஓட்டை வழியாகத் தடித்த வேர் வெளியே வந்து சுருண்டிருந்தால் கன்று பையிலேயே பல காலம் கிடந்தது என்று பொருள். நட்ட பிறகும் அந்த வேர் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். முழங்கால் உயரத்தில், புதுத்தளிரோடு இருப்பது போதும். வெயில் நன்றாக விழுந்து, தண்ணீர் தேங்காத இடமாக நடுங்கள். பூவெல்லாம் விடியற்காலையில் தரையில்தான் கிடக்கும், அதனால் வண்டி நிறுத்தும் இடத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். அந்தப் பவழக்காம்பு சக்கரத்தில் நசுங்குவதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

இன்னொன்று. தெருவில் யார் வீட்டிலாவது பவழமல்லி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். காசு போலத் தட்டையான காய், உள்ளே இரண்டு விதை. மழை பெய்தபின் மரத்தடியில் கன்றுகள் முளைத்தும் கிடக்கும். கேட்டால் பெரும்பாலும் பிடுங்கியே கொடுத்துவிடுவார்கள். வேரோடு ஒரு பிடி மண்ணையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.